அத்தியாயம் 6: சீசனுக்கு முன் எதிரணிகளை எடை போடுதல்

சூப்பர் லீக் கேரளாவில் பாலக்காட்டுக்கு அணி கிடையாது; இடுக்கிக்கும் கிடையாது. காலிகட் எஃப்.சி., கண்ணூர் வாரியர்ஸ், மலப்புரம் எஃப்.சி., திருச்சூர் மேஜிக், ஃபோர்சா கொச்சி, திருவனந்தபுரம் கொம்பன்ஸ் என மொத்தம் ஆறே அணிகள். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பக்கத்துத் தமிழ் ரசிகருக்குக் கைக்கெட்டும் மைதானம் திருச்சூர். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, குமுளி ஆட்கள் மலையிறங்கினால் கொச்சி. யாருக்குக் கொடி பிடிப்பது என்பதைப் பாதி பஸ் ரூட்டே முடிவு செய்துவிடுகிறது. மிச்சமிருக்கும் ஐந்தும் எதிரணிகள். சீசன் தொடங்குமுன் அந்த ஐந்தையும் எப்படிக் கணிப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

போன அத்தியாயத்தில் ஒரு ஆட்டத்தைப் பார்க்கும் முறையைச் சொன்னோம். ஒரு சீசனைப் பார்க்கும் முறை வேறு. கிளப் வாசலில் நின்று 'இந்த வாட்டி காலிகட்தான்' என்று சொல்வதற்கு யாருடைய உதவியும் வேண்டாம். கிளப்பில் கணிப்புப் போட்டி வைத்து, சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டு, சீசன் முடிந்ததும் எல்லார் முன்னாலும் பிரிக்கிறபோது தலை நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் கொஞ்சம் வேலை செய்தாக வேண்டும்.

முதலில் போட்டியின் விதியைப் படியுங்கள்

வீரர் பட்டியலைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியது போட்டியின் அமைப்பு. சூப்பர் லீக் கேரளாவில் ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்து அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என 10 ஆட்டம் ஆடுகிறது. லீக் கட்டத்தில் 30 ஆட்டம். முதல் நான்கு இடம் பிடிப்பவை அரையிறுதிக்குப் போகும். ஆறில் நான்கு!

இதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஆறு அணியில் நான்கைத் தேர்ந்தெடுக்க 15 வழி இருக்கிறது. கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நான்கு பெயர் எழுதினாலும் அதில் இரண்டு கட்டாயம் சரியாக இருக்கும். அதற்குக் கீழே போகவே முடியாது. மூன்று சரியாக வர 15-க்கு 8 வாய்ப்பு. நான்கும் சரியாக வர 15-க்கு 1. ஆக, குருட்டாம்போக்கில் எழுதியவருக்கே மூன்றோ அதற்கு மேலோ கிடைக்க 60 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அடுத்த முறை யாராவது 'நான் சொன்ன நாலுல மூணு உள்ள வந்துடுச்சு பாத்தியா' என்று மார்தட்டினால் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆகவே இந்த லீக்கில் கேட்க வேண்டிய கேள்வி யார் ஜெயிப்பார்கள் என்பதல்ல. எந்த இரண்டு அணி வெளியே போகும் என்பது. முதலிடம் பிடித்த அணியும் நான்காம் இடம் பிடித்த அணியும் அரையிறுதியில் ஒரே ஒரு ஆட்டத்தில் மோதுகின்றன. ஒரு ஆட்டத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கும். பத்து ஆட்டத்தில் அப்படி நடக்காது. நம் உழைப்பைப் பத்து ஆட்டத்தில் செலவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

வாசல்படி எவ்வளவு உயரம் என்பதையும் உத்தேசமாகக் கணக்கிடலாம். 30 ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு டிரா என்று வைத்துக்கொண்டால் 20 ஆட்டத்துக்குத் தலா 3 புள்ளி, 10 ஆட்டத்துக்குத் தலா 2 புள்ளி, மொத்தம் 80. ஆறு அணிக்குப் பிரித்தால் தலைக்கு 13 சொச்சம். பத்து ஆட்டத்தில் 13 புள்ளி எடுக்கும் தெம்பு இல்லாத அணியை வெளியே போகும் பட்டியலில் எழுதலாம். மூன்று வெற்றி, நான்கு டிரா, மூன்று தோல்வி என்றால் 13. அவ்வளவு பெரிய உயரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். தோற்காமல் இழுத்துப் பிடிக்கத் தெரிந்த சாதாரண அணிகூட இதில் உள்ளே வந்துவிடும்.

போன வருஷத்துப் பட்டியலைக் காப்பியடிக்காதீர்கள்

2024 செப்டம்பர் 7-ஆம் தேதி கொச்சியில் முதல் சீசன் தொடங்கியது. அந்த ஆண்டு லீக் முடிவில் காலிகட், கொச்சி, கண்ணூர், திருவனந்தபுரம் உள்ளே. மலப்புரமும் திருச்சூரும் வெளியே. திருச்சூருக்குக் கடைசி இடம். நவம்பர் 10-ஆம் தேதி கோழிக்கோடு இ.எம்.எஸ். ஸ்டேடியத்தில் நடந்த இறுதியாட்டத்தில் காலிகட் 2-1 என்று கொச்சியை வென்றது.

இரண்டாம் சீசனுக்கு முன் ஒருவர் இதே வரிசையை அப்படியே சீட்டில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2025-இல் உள்ளே வந்தவை காலிகட், திருச்சூர், மலப்புரம், கண்ணூர். வெளியே போனவை திருவனந்தபுரமும் கொச்சியும். முந்தைய ஆண்டு வெளியே நின்ற இரண்டும் உள்ளே வந்து, அரையிறுதியில் ஒன்றோடொன்று மோதின. போன வருஷத்துப் பட்டியலை நம்பியவருக்கு நான்கில் இரண்டுதான் சரி. இந்தப் போட்டியில் அதற்குக் கீழே மதிப்பெண் கிடையாது என்பதை மேலே பார்த்தோம். முந்தைய ஆண்டு இறுதியாட்டம் ஆடிய கொச்சி கடைசிக்குப் போனது. கடைசியில் இருந்த திருச்சூர் இறுதியாட்டம் வரை வந்தது. லீக்கில் முதலிடம் பிடித்த காலிகட்டை அரையிறுதியில் வீழ்த்தியது நான்காம் இடத்தில் நுழைந்த கண்ணூர். டிசம்பர் 19-இல் கண்ணூர் ஜவஹர் ஸ்டேடியத்தில் திருச்சூரை 1-0 என்று வென்று கோப்பையையும் கண்ணூரே தூக்கியது.

இது ஏதோ கேரளத்துக் கூத்து என்று நினைக்க வேண்டாம். நம் கால்பந்து அல்ல, 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆடும் அமெரிக்காவின் என்.எஃப்.எல். லீக்கில் 32 அணிகள் நான்கு நான்காக எட்டு டிவிஷன்களாகப் பிரிந்து ஆடுகின்றன. ஒவ்வொரு அணிக்கும் இப்போது 17 ஆட்டம் (2020 வரை 16); அதில் ஆறு, சொந்த டிவிஷனின் மூன்று எதிரிகளோடு தலா இரண்டு முறை. ஆகஸ்ட் மாதம் முழுக்க அந்த ஊர்ப் பத்திரிகைகளுக்கு டிவிஷன் கணிப்புதான் பிழைப்பு. அங்கே என்.எஃப்.சி. கிழக்கு என்று ஒரு டிவிஷன்: பிலடெல்பியா, டல்லாஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ், வாஷிங்டன். 2004-இல் பிலடெல்பியா தொடர்ந்து நான்காவது முறையாக முதலிடம் பிடித்தது. அதற்குப் பிறகு 2024 வரை எந்த அணியும் அடுத்தடுத்து இரண்டு ஆண்டு முதலிடத்தில் நின்றதில்லை. அத்தனை ஆண்டும் 'போன வருஷச் சாம்பியனே இந்த வருஷமும்' என்று எழுதியவர்கள் எல்லாரும் தோற்றார்கள். 2020-இல் வாஷிங்டன் 7 வெற்றி, 9 தோல்வியோடு முதலிடம் பிடித்தது. எதிரிகள் அதைவிட மோசமாக ஆடினார்கள், அவ்வளவுதான். தன் அணி எவ்வளவு நல்லது என்பதைவிட எதிரணி எவ்வளவு சரியும் என்பதே சின்ன லீக்கில் இடத்தைத் தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பயிற்சி ஆட்டமும் முதல் ஆட்டமும்

சீசனுக்கு முன் நடக்கும் பயிற்சி ஆட்டங்களின் முடிவைக் கணக்கில் எடுக்காதீர்கள். என்.எஃப்.எல்.லில் டெட்ராய்ட் லயன்ஸ் 2008-இல் சீசனுக்கு முந்தைய நான்கு ஆட்டத்தையும் வென்றது. சீசன் தொடங்கியதும் 16 ஆட்டம், பதினாறிலும் தோல்வி. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் 2017-இல் இதையே அச்சுப் பிசகாமல் செய்து காட்டியது: முன்னாட்டம் நான்கிலும் வெற்றி, சீசனில் 16 தோல்வி. பயிற்சி ஆட்டத்தில் பயிற்சியாளர் ஜெயிப்பதற்காக ஆட்களை இறக்குவதில்லை. யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பார்ப்பதற்காக இறக்குகிறார். ஸ்கோரை விட்டுவிட்டு, முதல் அரை மணி நேரத்தில் யார் யார் ஆடினார்கள், ஸ்டாப்பர் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். அது போதும்.

முதல் நாள் ஆட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான். முதல் சீசனின் முதல் ஆட்டத்தில் மலப்புரம் கொச்சியை அதன் சொந்த மைதானத்திலேயே 2-0 என்று சாய்த்தது. மறுநாள் டீக்கடைகளில் கொச்சியின் கதை முடிந்துவிட்டது. அந்தக் கொச்சிதான் இறுதியாட்டம் போனது. மலப்புரம் அரையிறுதிக்கே வரவில்லை.

பெயரும் பிளெக்ஸும்

அந்த மலப்புரம் அணியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீசனுக்கு முன் அதைப் போல ஆர்ப்பாட்டம் கிளப்பிய அணி கிடையாது. பயிற்சியாளர் ஜான் கிரகரி, 2017-18 ஐ.எஸ்.எல்.லில் சென்னையின் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், தமிழ் ரசிகர்கள் நன்றாக அறிந்த பெயர். தற்காப்பில் இந்தியாவுக்கு ஆடிய அனஸ் எடத்தொடிகா, மலப்புரத்து மண்ணின் மைந்தர். சீசன் தொடங்கியதும் உரிமையாளர்களில் ஒருவராகக் கிரிக்கெட் வீரர் சஞ்சு சாம்சனும் சேர்ந்தார். மைதானம் மஞ்சேரி பய்யநாடு. 2022 மே மாதம் சந்தோஷ் டிராபி இறுதியில் கேரளம் மேற்கு வங்கத்தை பெனால்டியில் வென்ற இடம், கூட்டத்துக்குக் குறைவே இல்லாத இடம். காகிதத்தில் பார்த்தால் குறையே கிடையாது. ஐந்தாம் இடம் வந்தது.

பெயரை வைத்துக் கணிப்பவர் எப்போதும் நேற்றைய ஆட்டத்தைக் கணிக்கிறார். ஒருவரின் பெயர் பெரிதாவதற்குள் அவருடைய முழங்கால் பழசாகிவிடும். கேரளத்தில் பிளெக்ஸ் போர்டின் உயரத்துக்கும் அணி வாங்கும் புள்ளிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்திருந்தால் கேரளா பிளாஸ்டர்ஸ் மூன்று இறுதியாட்டம் ஆடி மூன்றிலும் தோற்றிருக்காது.

பெயருக்குப் பதிலாக மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, யார் தங்கியிருக்கிறார்கள். புதிதாக வந்தவர்களின் பட்டியலைத்தான் எல்லாப் பத்திரிகையும் படத்தோடு போடும். போனவர்களின் பட்டியலை நாமே தயாரிக்க வேண்டும். போன சீசனின் கடைசி ஆட்டத்தில் இறங்கிய பதினோரு பேரை ஒரு தாளில் எழுதி, இந்த சீசனில் இல்லாதவர்களை அடித்துக்கொண்டே வாருங்கள். கோலி, இரண்டு ஸ்டாப்பர், நடுக்களத்தில் பந்தைப் பிடித்துக் கொடுக்கும் ஆள், கோல் அடிப்பவர் ஆகிய ஐந்தில் மூன்று அடிபட்டால் அது புது அணி. பழைய இடத்தைக் கொண்டு அதை மதிப்பிட முடியாது. கோல் எல்லாம் ஒரே காலிலிருந்து வந்த அணியில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2024-இல் அரையிறுதியில் கண்ணூரை வென்றபோது கொச்சி அடித்த இரண்டு கோலும் டோரியெல்டனுடையவை. இறுதியில் அடித்த ஒரே கோலும் அவருடையதே. அப்படி ஒருவரை நம்பி நிற்கும் அணியை அடுத்த ஆண்டு மேலே எழுதுமுன், அந்த ஒருவர் இருக்கிறாரா, இருந்தாலும் அதே மாதிரி அடிப்பாரா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வேண்டும்.

பயிற்சியாளர் தங்குவதும் இதில் சேர்த்தி. கண்ணூர் முதல் சீசனில் வைத்திருந்த ஸ்பெயின்காரர் மானுவல் சான்செஸை இரண்டாம் சீசனுக்கும் வைத்துக்கொண்டது, கோப்பை வந்தது. உடனே இதை விதியாக்கிவிடக் கூடாது. முதல் சீசன் சாம்பியன் காலிகட் பயிற்சியாளரை மாற்றிவிட்டுத்தான் இரண்டாம் சீசன் லீக்கில் முதலிடம் வந்தது. ஆனால் பயிற்சியாளரும் மாறி, முதுகெலும்பு ஐந்து பேரில் மூவரும் மாறிய அணியை நம்பி நான்கு இடத்துக்குள் எழுதுவது சூதாட்டம்.

இரண்டு, மைதானம். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. 2024-இல் கண்ணூருக்கும் திருச்சூருக்கும் சொந்த ஊரில் ஆட மைதானம் தயாராக இருக்கவில்லை. கண்ணூரின் 'சொந்த' ஆட்டம் கோழிக்கோட்டில். திருச்சூரின் 'சொந்த' ஆட்டம் மஞ்சேரியில். அதாவது காகிதத்தில் ஐந்து சொந்த ஆட்டம், நிஜத்தில் பத்தும் வெளியூர். 2025-இல் கண்ணூர் ஜவஹர் ஸ்டேடியமும் திருச்சூர் கார்ப்பரேஷன் ஸ்டேடியமும் கிடைத்தன. இறுதியாட்டத்தில் மோதியவை அந்த இரண்டு அணிகளே. மைதானம் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. திருச்சூர் பயிற்சியாளரையும் மாற்றியிருந்தது. ஆனாலும் மைதானச் செய்தி சீசனுக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்த செய்தியைக் கணிப்பில் சேர்க்காமல் விட்டவர்களே அதிகம். அதே ஆண்டு கொச்சி கலூர் ஸ்டேடியத்தை விட்டு மகாராஜாஸ் கல்லூரி மைதானத்துக்கு மாறியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று, அட்டவணையும் மழையும். முதல் சீசன் செப்டம்பரிலும் இரண்டாம் சீசன் அக்டோபர் 2-லும் தொடங்கின. அக்டோபர், நவம்பர் என்றால் துலாவர்ஷம். மதியத்துக்கு மேல் இடி, மாலையில் கொட்டு. ஆட்டமோ ராத்திரி. நனைந்த தரையில் சின்னச் சின்னப் பாஸாகக் கோத்து ஆடும் அணி தடுமாறும்; உயரமான ஸ்டாப்பரும் ஃப்ரீகிக் நன்றாக உதைக்கிறவரும் உள்ள அணி ஒரு புள்ளியாவது தேற்றும். அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு எதிரணிக்கும் முதல் நான்கு ஆட்டத்தில் எத்தனை வெளியூர் என்று பாருங்கள். பத்தே ஆட்டம் உள்ள லீக்கில் முதல் நான்கில் இரண்டு புள்ளியோடு நிற்கும் அணி, மிச்சம் ஆறில் பதினொன்று எடுத்தால்தான் 13-ஐத் தொடும்.

ஐந்து எதிரணி, ஆளுக்கொரு கேள்வி

சித்தூரில் உட்கார்ந்து திருச்சூருக்குக் கொடி பிடிக்கிறவர் அடுத்த சீசனுக்கு முன் கேட்க வேண்டியவை இவை. கொச்சி ஆதரவாளர் இரண்டு பெயரை இடம் மாற்றிக்கொண்டால் போதும்.

காலிகட்டை வெளியே எழுத எனக்குத் துணிவில்லை. இரண்டு சீசனிலும் லீக்கில் முதலிடம், இரண்டு வெவ்வேறு பயிற்சியாளர்களோடு. அப்படியென்றால் ஆள் எடுக்கிற இடத்தில் யாரோ சரியாக வேலை செய்கிறார்கள். வீரர் மாறினாலும் பயிற்சியாளர் மாறினாலும் நான்குக்குள் எழுதுங்கள். சாம்பியன் என்று எழுதுவது வேறு விஷயம். லீக்கில் முதலிடம் பிடித்தும் 2025-இல் அரையிறுதியைத் தாண்டவில்லை.

கண்ணூரிடம் கேட்க வேண்டியது, கோப்பையைப் பார்த்து மயங்காமல் லீக்கை மட்டும் பார்த்தால் அது எப்படிப்பட்ட அணி என்பது. 2025-இல் அது நான்காம் இடத்தில் நுழைந்த அணி. கடைசி நாளில் ஒரு ஆட்டம் மாறியிருந்தால் வெளியே. கோப்பை வென்ற அணியை எல்லாரும் முதலிடத்தில் எழுதுவார்கள். நீங்கள் மூன்று அல்லது நான்கு என்று எழுதுங்கள்.

மலப்புரத்துக்குக் கூட்டம் உண்டு, பணம் உண்டு, பொறுமை உண்டா என்பதே கேள்வி. திருவனந்தபுரம் நம் ஊரிலிருந்து மிக தூரம். அதன் ஆட்டத்தை நேரில் பார்த்த எல்லையோர ரசிகர் குறைவு. பார்க்காத அணியை நடுவில் எழுதிவிட்டு நகருங்கள்.

கொச்சி கடினமான கணிப்பு. ஒரு சீசன் இரண்டாம் இடம், மறு சீசன் கடைசி. உரிமையாளர் பட்டியலில் நடிகர் பிருத்விராஜ் இருப்பதால் செய்திக்குப் பஞ்சமிருக்காது. செய்தியை நம்பி எழுத வேண்டாம். கடைசி இடத்தில் முடித்த அணி பொதுவாக மறு ஆண்டு கொஞ்சமாவது ஏறும். அதற்குக் கீழே இடமில்லை என்பதே முதல் காரணம். பயிற்சியாளர் யார், எந்த மைதானம், ஐந்து பேரில் எத்தனை பேர் என்ற மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் துணிந்து உள்ளே எழுதலாம்.

சொந்த அணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை நீங்கள் எழுதாதீர்கள். கிளப்பில் வேறு அணிக்காரர் ஒருவரிடம் கொடுத்து உங்கள் அணிக்கு எத்தனையாம் இடம் என்று கேளுங்கள். அவர் சொன்னதைவிட ஒரு இடம் மட்டும் மேலே ஏற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

எஸ்டேட் மைதானத்தில்

மூணாறு வாசகருக்கு இதைவிட நெருக்கமான ஒரு போட்டி இருக்கிறது. கண்ணன் தேவன் கம்பெனியின் எஸ்டேட்டுகளுக்குள் நடக்கும் பின்லே கோப்பை. ஜேம்ஸ் பின்லே கம்பெனி காலத்தில், 1940-களில் தொடங்கியது. பிறகு டாட்டா டீ வந்து, 2005-இல் தொழிலாளர்களும் பங்கு வைத்திருக்கும் கம்பெனியாக மாறி, இன்றும் பழைய மூணாறு மைதானத்தில் நடக்கிறது. குண்டுமலை, லெட்சுமி, மாட்டுப்பட்டி, நல்லதண்ணி, பெரியவாரை, கன்னிமலை, செண்டுவாரை, சொக்கநாடு என எஸ்டேட் பெயரைச் சொன்னாலே போதும், ஒவ்வொரு லயத்திலும் ஒரு பழைய கோலின் கதை இருக்கும்.

மேலே சொன்னவை அத்தனையும் இங்கேயும் பொருந்தும். ஆனால் தகவல் கிடைக்கும் இடம் வேறு. இங்கே பத்திரிகை கிடையாது, வீரர் பட்டியல் அறிவிப்பு கிடையாது. டீக்கடை பெஞ்சுதான் செய்தி நிலையம். அங்கே இப்படி ஒரு பேச்சு காதில் விழும்:

"அண்ணாச்சி, அவுங்க ஸ்டாப்பர் இந்த வருஷம் இல்லையாமே?"

"திருப்பூருக்குப் போயிட்டாம்ல. பொங்கலுக்கு வந்தாத்தான் உண்டு."

"அப்ப யாரு நிக்கிறா?"

"தம்பிக்காரன். கால் இருக்கு, தலை இல்ல."

ஒரு எதிரணியைப் பற்றி இதைவிட முழுமையான சீசன் அறிக்கை கிடையாது. ஆள் போய்விட்டான், வருவான் என்றால் எப்போது, மாற்று யார், மாற்றின் குறை என்ன என்று நான்கு தகவல் நான்கு வரியில் வந்துவிட்டது. எஸ்டேட் அணிகளைக் கணிக்க நீங்கள் கேட்க வேண்டியது பெரும்பாலும் வேலை பற்றிய கேள்விகள். பையன்கள் யார் திருப்பூர், கோயம்புத்தூர், எர்ணாகுளம் போய்விட்டார்கள்? கொழுந்து வரத்து கூடும் மாதத்தில் பாக்டரியில் ராத்திரி ஷிப்ட் யாருக்கு? காலையில் மஸ்டருக்கு நின்றுவிட்டு மத்தியானம் மைதானத்துக்கு வருபவனின் கால் இரண்டாம் பாதியில் என்ன சொல்லும்? வெளியாட்களை இறக்க விதி இடம் தருகிறதா என்பதையும், நாக்அவுட்டா லீக்கா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாக்அவுட் என்றால் இடவரிசைக் கணிப்பை விட்டுவிட்டு, ஆட்டக் குலுக்கலில் எந்தப் பக்கம் எளிது என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

பாலக்காட்டு மேற்குப் பக்கம், மண்ணார்க்காடு, பட்டாம்பி வட்டாரத்துச் செவன்ஸ் டோர்ணமெண்டுகளுக்கு சீசன் கணிப்பு எழுதாதீர்கள். ஒரே ஆள் இன்று ஒரு ஊரில், நாளை வேறு ஊரில், வேறு ஜெர்சியில் இறங்குகிறான். கெஸ்ட் பிளேயர் யார் என்பது விசில் ஊதும்போதுதான் தெரியும். அங்கே அணியைக் கணிக்க முடியாது, ஆட்டத்தை ரசிக்கலாம்.

சீட்டு எழுதுவதும் மதிப்பெண் போடுவதும்

கிளப் செயலாளருக்கு: சாம்பியன் பெயருக்கு மட்டும் பரிசு வைத்தால் அது குலுக்கல் சீட்டு ஆகிவிடும். ஒவ்வொருவரும் ஆறு அணியையும் வரிசைப்படுத்தி எழுத வேண்டும். லீக் முடிந்ததும், எழுதிய இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டுங்கள். இரண்டாம் இடம் என்று எழுதிய அணி ஐந்தாவது வந்தால் 3. ஆறு அணியின் வித்தியாசத்தையும் கூட்டி, குறைந்த எண் வாங்கியவருக்குப் பரிசு. எல்லாம் சரியென்றால் பூஜ்யம். தலைகீழாக எழுதியிருந்தால் 18. பெயரை எழுதித் துண்டுகளைக் குலுக்கி எடுப்பவருக்குச் சராசரியாக 11, 12 வரும். பத்துக்கு மேல் வாங்கியவர்கள் அடுத்த வருஷம் குலுக்கிப் பார்க்கலாம். கூடவே, போன வருஷத்துப் பட்டியலை அப்படியே ஒரு சீட்டில் எழுதி, 'பழைய பட்டியல்' என்ற பெயரில் பெட்டியில் போட்டு வையுங்கள். அதை வெல்லாதவருக்குப் பரிசு கிடையாது என்று விதி வைத்தால் போட்டியின் தரம் கூடும்.

ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஒரு வரி காரணமும் எழுதச் சொல்லுங்கள். 'மைதானம் கிடைத்தது', 'கோல் அடிப்பவர் போய்விட்டார்' என்ற அளவுக்குப் போதும். காரணம் தப்பாகி இடம் சரியாக வந்தால் அது அதிர்ஷ்டம். அதை சீசன் முடிவில் எல்லாரும் பார்க்கட்டும்.

போட்டி நடக்குமா என்பதையே உறுதி செய்துகொள்ளவும். வழக்கமாக செப்டம்பர் வாக்கில் தொடங்கும் ஐ.எஸ்.எல்., 2025-26 சீசனில் ஒப்பந்தச் சிக்கலால் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. சூப்பர் லீக் கேரளாவின் 2025 அரையிறுதிகளும் உள்ளாட்சித் தேர்தல் காரணமாகத் தேதி மாறின. அரசுத் தேர்வு, தேர்தல், சபரிமலை சீசன் மூன்றையும் காலண்டரில் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். குமுளி, வண்டிப்பெரியாறு ஆட்களுக்கு மண்டல காலத்தில் ரோடு கிடைப்பதே கஷ்டம்.

காசு வேண்டாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. கிளப்பில் கைமாற்றாக வைக்கும் பெட்டும் வம்பில்தான் முடியும். ஜெயித்தவருக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுங்கள், அதை எல்லாரும் சேர்ந்து ஆடலாம்.

பெட்டியை முதல் ஆட்டத்தின் விசிலுக்கு முன் பூட்டிவிட வேண்டும். சீட்டில் தேதியும் கையெழுத்தும் கட்டாயம். எழுதும்போது ஆறாம் இடத்தில் தொடங்கி மேலே ஏறுங்கள். வெளியே போகும் இரண்டு பெயரை முதலில் முடிவு செய்யுங்கள், சாம்பியன் பெயரைக் கடைசியில் எழுதினால் போதும்.